பிரிட்டனில் தனியார் வீட்டு வாடகைக்கு அரசு உதவி பெறுவது எப்படி?

கேள்வி: லண்டனில் தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். வாடகைக்கு பெனிபிட் எடுக்கலாமா, எவ்வளவு கிடைக்கும்?

எடுக்கலாம். வேலையில் இருப்பவர்களுக்கும் உண்டு. ஓய்வூதிய வயதை எட்டாதவர்களுக்கு வாடகை உதவி இப்போது, குறைந்த வருமானத்தாருக்கான மாதாந்திர அரசு உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டின் ஒரு பகுதியாகவே வருகிறது. பழைய ஹவுசிங் பெனிபிட்டை ஓய்வூதிய வயதினரும், கவுன்சில் ஏற்பாடு செய்த தற்காலிகத் தங்குமிடம் போன்றவற்றில் இருப்பவர்களும்தான் கேட்க முடியும்.

விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் விசாவைப் பாருங்கள். வொர்க் விசா, ஸ்டூடன்ட் விசா, ஸ்பவுஸ் விசா எல்லாவற்றிலும் பொதுவாக 'பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு உதவித்தொகைகள்) கிடையாது' என்ற நிபந்தனை இருக்கும். யூனிவர்சல் கிரெடிட் அந்தப் பட்டியலில் உள்ளது. மீறி வாங்கினால் பிற்பாடு விசா நீட்டிப்பே சிக்கலாகும். கணவர் பிரிட்டிஷ் குடிமகன், மனைவி ஸ்பவுஸ் விசாவில் என்றால் கணவர் விண்ணப்பிக்கலாம். தனி ஆளுக்கான தொகைதான் கிடைக்கும். ஆனால் மனைவியின் சம்பளமும் சேமிப்பும் கணக்கில் வரும். பிரான்ஸ், ஜெர்மனி பாஸ்போர்ட்டில் வந்தவர்களுக்கு செட்டில்ட் ஸ்டேட்டஸ் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) இருந்தால் பிரச்சினை இல்லை. ப்ரீ-செட்டில்ட் (அதற்கு முந்தைய தற்காலிக உரிமை) மட்டும் என்றால் வேலை செய்கிறார்கள் என்பது போன்ற தனி உரிமையைக் காட்ட வேண்டும்.

இனி தொகை. பலர் ஏமாறுவது இங்கேதான். வாடகை 1,900 பவுண்டு என்பதற்காக 1,900 தரமாட்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் படுக்கையறை எண்ணிக்கைப்படி ஓர் உச்சவரம்பு உண்டு; எல்எச்ஏ, அதாவது லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்பார்கள். உங்கள் வாடகை, எல்எச்ஏ இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கில் ஏறும். 2024 ஏப்ரலில், அந்தந்தப் பகுதி வாடகைகளில் மலிவான 30 சதவீதத்துக்கு ஈடாக இதை உயர்த்தினார்கள். 2025இல் உயர்த்தவே இல்லை. வெளியே வாடகை ஏறிக்கொண்டே போக இது நின்ற இடத்திலேயே நிற்கிறது. வாடகைதாரரை நேரடியாகக் கடனில் தள்ளும் அநியாயம் இது. அரசின் எல்எச்ஏ டைரக்ட் தளத்தில் போஸ்ட்கோடு போட்டால் உங்கள் பகுதித் தொகை தெரியும். புது வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள்.

படுக்கையறைக் கணக்கு நீங்கள் இருக்கும் வீட்டைப் பொறுத்ததல்ல, குடும்பத்தைப் பொறுத்தது. தம்பதிக்கு ஓர் அறை. 16 வயது நிறைந்த மற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. 16க்குக் கீழே ஒரே பாலினப் பிள்ளைகள் இருவருக்கு ஓர் அறை. 10க்குக் கீழே ஆணோ பெண்ணோ இருவருக்கு ஓர் அறை. நான்கு அறைக்கு மேல் கிடையாது. மகளுக்கு 9, மகனுக்கு 7 என்றால் உங்களுக்கு இரண்டு அறை விகிதம். மகளுக்கு 10 ஆனதும் மூன்று அறை விகிதம், இரண்டு அறை வீட்டிலேயே இருந்தாலும். வாடகை இரண்டு அறை விகிதத்தைத் தாண்டியிருந்தால் அந்த மாதத்திலிருந்து உதவி கூடும். பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பின் வரும் கணக்கில் அது ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். 35 வயதுக்குட்பட்ட தனி ஆளுக்குப் பொதுவாக ஷேர்டு வீட்டில் ஓர் அறைக்கான தொகை மட்டும்தான்.

21 வயது நிறைந்த மகனோ தம்பியோ கூடவே இருந்தால் அவருக்கு ஓர் அறை கூடும். அதே நேரம் அவர் பங்கு என்று மாதம் 90 பவுண்டுக்கு மேல் கழிப்பார்கள், அவர் ஒரு பென்னியும் தராவிட்டாலும். பென்ஷன் கிரெடிட் (குறைந்த வருமான முதியோருக்கான அரசு உதவி) வாங்கும் தாய் தந்தை என்றால் கழிவு இல்லை.

சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் எதுவும் கிடையாது. 6,000க்கு மேல் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 பவுண்டு வெட்டுவார்கள். யாழ்ப்பாணத்துக் காணியும் சென்னை ஃப்ளாட்டும் இந்தச் சேமிப்பில் சேரும் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. சந்தை மதிப்பில் விற்பனைச் செலவுக்கு 10 சதவீதமும் அதன் மேலுள்ள கடனும் கழித்து மதிப்பிடுவார்கள். மறைத்தால் பின்னால் மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அணியும் நகை சொந்தப் பொருள், அது கணக்கில் வராது.

விண்ணப்பம் ஆன்லைனில். தம்பதி என்றால் இருவரும் தனித்தனியே கணக்குத் திறந்து, ஒருவருக்கு வரும் கோடை வைத்து மற்றவர் இணைக்க வேண்டும். தாமதிக்காதீர்கள், விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு, முன்தேதியிட்டுத் தருவது அபூர்வம். முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். அதுவரை தாங்க முடியாவிட்டால் வட்டியில்லாத அட்வான்ஸ் கேட்கலாம். அது பிறகு மாதாமாதம் கழியும். ஆங்கிலம் சிரமம் என்றால் ஜாப் சென்டரில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் 'ஹெல்ப் டு க்ளெய்ம்' சேவை முதல் பணம் வரும்வரை இலவசமாக உதவும்.

உதவியில் வாடகைக்கான பகுதி நின்றுபோவது பெரும்பாலும் டெனன்சி அக்ரிமெண்டால், அதாவது வாடகை ஒப்பந்தத்தால்தான். உங்கள் பெயர், முழு முகவரி, தொகை, தொடங்கிய தேதி, இரு தரப்புக் கையெழுத்து இருக்க வேண்டும். பணமாகக் கொடுப்பவர்கள் ரசீது வாங்குங்கள், முடிந்தால் வங்கி வழிக்கு மாறுங்கள். அண்ணன் வீட்டில் அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு அவருக்கே வாடகை கொடுத்தால் உதவி கிடையாது. அவருடைய வேறொரு வீட்டில், வெளியாருக்கு விடுவதுபோல முறையான ஒப்பந்தத்தில் இருந்தால் கேட்கலாம். வார வாடகையை நான்கால் பெருக்காதீர்கள்: 300 பவுண்டை 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் மாதம் 1,300, நான்கால் பெருக்கினால் 1,200. மாதம் 100 பவுண்டு கையைவிட்டுப் போகும்.

வாடகை உயர்ந்தாலோ வீடு மாறினாலோ அந்தக் கணக்கு மாதம் (உங்கள் தொகையைக் கணக்கிடும் ஒரு மாத காலம்) முடிவதற்குள், ஆன்லைன் கணக்கில் செய்தி எழுதும் இடமான ஜர்னலில் தெரிவித்துவிடுங்கள். அப்படிச் செய்தால், அந்த மாதத்தின் கடைசி நாளில் குடிபோனாலும் முழு மாதத்துக்கும் புது வாடகைதான் கணக்கு. தாமதமாகச் சொன்னால், சொல்வதற்கு முந்தைய மாதங்களுக்கான உயர்வு பொதுவாகப் போனது போனதுதான்.

வேலையில்லாதவர்களுக்கு பெனிபிட் கேப்பும், அதாவது மொத்த உதவித்தொகைக்கான உச்சவரம்பும் இடிக்கும். லண்டனில் குடும்பத்துக்கு எல்லாம் சேர்த்து மாதம் 2,110.25 பவுண்டுதான். வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சமமாகச் சம்பாதித்தால் இந்தத் தடை விலகும். அதனால் கணவருக்கு மிச்சமிருக்கும் மணிநேரத்தை லேசில் விட்டுவிட வேண்டாம்.

துண்டு விழும் தொகைக்கு கவுன்சிலிடம் கேளுங்கள். இங்கிலாந்தில் டிஸ்க்ரீஷனரி ஹவுசிங் பேமெண்ட் என்றிருந்த உதவி, 2026 ஏப்ரலில் க்ரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற நெருக்கடிக்கால உதவி நிதிக்குள் சேர்க்கப்பட்டது. கவுன்சில் வரிக் குறைப்பு யூனிவர்சல் கிரெடிட்டோடு தானாக வராது, அதற்குத் தனி விண்ணப்பம்.

முடிவு தவறாகத் தோன்றினால் ஒரு மாதத்துக்குள் ஜர்னலில் 'மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன்' (முடிவை மறுபரிசீலிக்கும் கோரிக்கை) என்று எழுதி, எந்த வரி தவறு, எந்தத் தாள் அதைக் காட்டுகிறது என்று சேர்த்துப் போடுங்கள். அதற்கும் மறுத்தால், அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் ட்ரிப்யூனலுக்கு, அதாவது தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை.