கல்முனையில் பெயர்ப்பலகைக் கடை: கட்டிங் ஸ்டிக்கரா, பிரிண்ட் ஸ்டிக்கரா?

கல்முனையில் சிறு முதலோடு பெயர்ப்பலகைக் கடை தொடங்க இருப்பதாகவும், கையிலுள்ள பணத்துக்கு ஸ்டிக்கர் வெட்டும் பிளொட்டர் ஒன்றை வாங்குவதா, கடன்பட்டேனும் அச்சு இயந்திரத்தை எடுப்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் 11 வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். பிளொட்டரை வாங்குங்கள் என்றே சொல்வேன். விலையைவிட நம்முடைய வெயில்தான் அதற்கு முதற் காரணம்.

கட்டிங் ஸ்டிக்கர் என்பது நிறமுள்ள வினைலில், அதாவது பசை பூசிய பிளாஸ்டிக் தாளில், எழுத்தை வெட்டி ஒட்டுவது. அதில் நிறம் வினைலின் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. பிரிண்டிலோ வெள்ளை வினைலின் மேல் படிந்த மெல்லிய மைப்படலம்தான் நிறம். அதிலும், வழக்கமான நான்கு மை இயந்திரத்தில் சிவப்பு என்று தனியாக ஒரு மை கிடையாது. மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தே சிவப்பாகின்றன, வெயிலில் முதலில் வெளிறத் தொடங்குபவையும் பெரும்பாலும் அவை இரண்டும்தான். மேற்குப் பார்த்த மருந்தகம் ஒன்றுக்குச் சிவப்பு எழுத்தும் நீலக் கரையுமாக அச்சிட்டு, செலவைக் குறைக்கவென்று மேலே ஒட்டும் பாதுகாப்புப் படலமான லேமினேஷனையும் விட்டுவிட்டு, ஒரு பலகை செய்து கொடுத்தேன். இரண்டாவது கச்சான் (தென்மேற்குக் காற்று) காலம் முடிந்தபோது நீலக் கரை அநேகமாக அப்படியே இருக்க, எழுத்து மட்டும் சாயம்போன றோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. கடைக்காரர் ஏசவில்லை, பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த எழுத்துகளை என் செலவிலேயே சிவப்பு வினைலில் வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். வினைல் 5 முதல் 7 வருடம் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தால், அது மிதமான காலநிலையில் நிமிர்ந்து நிற்கும் பலகைக்கான கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் கட்டிங்குக்கும் ஓர் எல்லை உண்டு, தமிழில் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். 'மருந்தகம்' என்று வெட்டினால் அதில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. வேண்டாத பகுதியை உரித்தெடுக்கும்போது எழுத்து அடித்தாளில் நிற்கும், புள்ளி மட்டும் கழிவோடு சேர்ந்து கிளம்பிவிடும். பலகை முழுவதும் ஒட்டி முடித்த பிறகு 'ம்' 'ம'வாக நிற்பதைக் கீழே நின்று கண்டுபிடிப்பதைப் போன்ற வெறுப்பு இந்தத் தொழிலில் வேறில்லை. மும்மொழிப் பலகையில் சிங்கள எழுத்தின் சுழிகளும் இதே தொல்லையைத்தான் தரும். ஆகவே எழுத்தின் உயரம் ஓர் அங்குலத்துக்குக் கீழே போனால், முகவரி, தொலைபேசி இலக்கம், பதிவு இலக்கம் போன்றவற்றை நான் பெரும்பாலும் பிரிண்டுக்கே விட்டுவிடுகிறேன். சாப்பாட்டுக் கடையின் கொத்து ரொட்டிப் படம், நிறம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மங்கிப் போகும் பின்னணி, ஐந்தாறு நிறமுள்ள சின்னம் ஆகியவற்றுக்கும் பிரிண்ட்தான். அவற்றை வெட்டி அடுக்க முயல்வது வீண் வேலை.

அந்தப் பிரிண்டை நீங்களே அடிக்க வேண்டும் என்பதில்லை. சொல்வென்ட் (கரைப்பான்) கலந்த மையில் அடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஒன்று. சில நாள் வேலையில்லாமல் நின்றால் மை தெளிக்கும் ஹெட்டில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும், புது ஹெட்டின் விலை தொடக்கக்காரருக்குத் தாங்காது. 2022இல் ரூபாய் விழுந்தபோது, இறக்குமதியை நம்பியிருக்கும் எங்கள் தொழிலில் மையும் வினைலும் விற்ற விலையை நினைத்தால், அப்போது கடனில் இயந்திரம் எடுத்திருந்தால் என் நிலை என்னவாகியிருக்கும் என்று இன்றும் பயமாக இருக்கிறது. தொடர்ந்து ஓடும் இயந்திரம் வைத்திருப்பவரிடம் சதுர அடிக் கணக்கில் அடித்து வாங்குங்கள். வாங்கும்போது ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: அடித்த பிறகு குறைந்தது 24 மணித்தியாலம் இறுக்கிச் சுருட்டாமல் காயவிட்டே லேமினேட் செய்ய வேண்டும். சொல்வென்ட் உள்ளே அடைபட்டால் பசை இளகி, ஓரம் சுருளும். அவசரத்துக்கு அன்று மாலையே லேமினேட் செய்து கொடுத்த ஆட்டோ ஸ்டிக்கர் ஒன்று ஒரு வாரத்திலேயே ஓரம் கிளம்பி என்னிடம் திரும்பி வந்தது.

உங்கள் பகுதியில் அதிகம் வரக்கூடிய கடைப் பலகைகளுக்கு நான் செய்யும் முறை இரண்டையும் கலப்பதுதான். படமும் பின்னணியும் லேமினேட் செய்த பிரிண்டில் வரும். அது பலகையில் ஒட்டியான பின், கடையின் பெயரைக் கட்டிங்கில் வெட்டி அதன் மேல் ஒட்டுகிறேன். பின்னணி மங்கினாலும் பெயர் தெளிவாக நிற்கும். ஒட்டும் வேலையைக் காலை எட்டு மணிக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கெல்லாம் தகடு கொதிக்கும், பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். கச்சான் வீசத் தொடங்கிவிட்டால் தூசியும் சேர்ந்தே ஒட்டும். வெட்டிய எழுத்துகளைப் பலகைக்கு மாற்ற அவற்றின் மேல் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது நேராக இழுக்காமல், பலகையோடு ஒட்டினாற்போல் மடித்து மெதுவாக இழுத்து, ஒவ்வொரு புள்ளியையும் விரலால் ஒருமுறை அழுத்திவிட்டு ஏணியிலிருந்து இறங்குங்கள்.