ஆஸ்கார் சீனா போனது துரோகமா?

கேள்வி: நான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். மாணவர்களுக்குக் கால்பந்துப் பயிற்சியும் கொடுக்கிறேன். பல வருடங்களாக இங்கிலாந்தின் செல்சி கிளப் ரசிகன். எனக்கு ரொம்பப் பிடித்த ஆட்டக்காரர் அங்கே ஆடிய பிரேசில்காரர் ஆஸ்கார். நல்ல வயதில் இருக்கும்போதே பணத்துக்காக அவர் சீன கிளப்புக்குப் போனதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. போன மாதம் பயிற்சி முடிந்ததும் அந்தக் கதையை மாணவர்களுக்குச் சொல்லி, "இப்படி விலைபோயிடாதீங்க" என்றேன். அணியில் நன்றாக ஆடும் பையன் ஒருவன், "எனக்கு அப்படி ஒரு சான்ஸ் வந்தா அன்னைக்கே ஃபிளைட் ஏறிடுவேன் சார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கோபத்தில், "உன்னை மாதிரி ஆளுக்கெல்லாம் ஃபுட்பால் எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவன் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அன்றிலிருந்து அவன் பயிற்சிக்கு வருவதில்லை. நான் சொன்னது தப்பா? இலட்சியம் முக்கியம் என்று சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் வேலை இல்லையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்தப் பையனிடம் நீங்கள் பேசியது தப்புதான். இலட்சியத்தைச் சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு நீங்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு நேரானது இல்லை. அதனால் முதலில் ஆஸ்காரைப் பற்றிப் பேசுவோம். பையனிடம் அப்புறம் வருகிறேன்.

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. 2012 செப்டம்பரில் இத்தாலியின் யுவென்டஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளுக்கான பெரிய போட்டி) ஆட்டத்தில் அவர் போட்ட இரண்டாவது கோலைப் பார்த்த எவருக்கும் புரியும். கோலுக்கு முதுகைக் காட்டி நின்றவர், பந்தைத் தட்டிவிட்டுத் திரும்பி, கோல்கீப்பர் பஃபோன் கைக்கு எட்டாத மூலையில் வளைத்துப் போட்டார். அப்போது அவருக்கு 21 வயது முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அப்படிப்பட்டவர் 25 வயதில் ஷாங்காய் எஸ்.ஐ.பி.ஜி. கிளப்புக்குப் போகிறார் என்று 2016 டிசம்பரில் செய்தி வந்தபோது மனசு வலித்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். செல்சிக்கு ஏறக்குறைய 6 கோடி பவுண்டு, அவருக்கு வாரச் சம்பளம் 4 லட்சம் பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. கேட்டதும் 'விலைபோய்விட்டார்' என்ற வார்த்தைதான் முதலில் வாயில் வரும்.

ஆனால் அந்த டிசம்பரில் செல்சியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பயிற்சியாளர் அன்டோனியோ கான்டே சில மாதங்களுக்கு முன்புதான் பின்வரிசையில் மூன்று பேரை நிறுத்தி ஆடும் முறைக்கு மாறியிருந்தார். அதில் ஆஸ்காருக்கு இடமில்லை. அணி வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்தது, அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த சீசனில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டத்தையும் செல்சி வென்றது. பெஞ்சில் இருந்தவரை, வாங்கிய விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கிக்கொண்டு கிளப் விற்றது. செல்சி பணத்துக்கு விலைபோய்விட்டது என்று நீங்களோ நானோ சொன்னோமா? நல்ல வியாபாரம் என்றுதான் சொன்னோம். ஒரே கையெழுத்தில் கிளப்புக்குச் சாமர்த்தியம், ஆட்டக்காரருக்குத் துரோகம் என்று தீர்ப்பு எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆஸ்கார் எங்கிருந்து வந்தவர் என்பதையும் பாருங்கள். சாவ் பாலோ மாநிலத்தின் அமெரிகானா ஊர்க்காரர். மூன்று வயதில் அப்பாவை இழந்தவர். வீட்டில் ஒன்றுமே இல்லாமல் வளர்ந்தவன் நான், உழைக்கிற எல்லோரையும்போல் என் குடும்பத்துக்காகத்தான் சம்பாதிக்க நினைத்தேன் என்ற பொருளில் அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 18 வயதிலேயே, சம்பளம் ஒழுங்காக வரவில்லை, ஒப்பந்தத்தில் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்று சாவ் பாலோ கிளப் மீது வழக்குப் போட்டவர் அவர். அந்த வழக்கு இழுத்து இழுத்து, 2012இல் சில வாரங்கள் ஆடவே முடியாமல் நின்றார். பிறகு, அவர் மாறிப்போயிருந்த இன்டர்நாசியோனல் கிளப் பணம் கட்டித்தான் விஷயம் முடிந்தது. இதைக் கடந்து வந்த ஒருவர் ஒப்பந்தத்தை எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துப் பாருங்கள். நாம் டி.வி.யில் பார்க்கும் கால்பந்து வேறு, அவர் உள்ளேயிருந்து பார்த்தது வேறு.

பிரேசிலில் கால்பந்தைத் தொழிலாகச் செய்கிறவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் மாதம் ஆயிரம் பிரேசில் ரியால் அல்லது அதற்கும் குறைவாகச் சம்பாதித்ததாக அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் 2015ஆம் ஆண்டுக் கணக்கு சொன்னது. அன்றைய குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய தொகை அது. நெய்மார் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆட வருகிற பையன்களில் பெரும்பாலானவர்கள் போய்ச் சேருகிற இடம் இதுதான். மேலே வந்தவர்களுக்கும் காலம் கம்மி. முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆடுகிறவர்கள் குறைவு. ஒரு காயம் போதும், அதுவும் இல்லை. ஜாக்சன் மார்டினெஸை நினைவிருக்கிறதா? 2016 பிப்ரவரியில் ஸ்பெயினின் அட்லெடிகோ மாட்ரிட்டிலிருந்து சீனாவின் குவாங்சோ எவர்கிராண்டே கிளப் அவரை 4 கோடியே 20 லட்சம் யூரோவுக்கு வாங்கியது. கணுக்கால் காயம் விடவே இல்லை. அங்கே அவர் ஆடியது சொற்பம். அந்த ஒப்பந்தம் இல்லாமல் அதே கணுக்கால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சரி, பணம் வாங்கலாம், ஆனால் இலட்சியம் அங்கேயே செத்துவிடுமே என்பீர்கள். அதற்கு நான் இன்னொரு பிரேசில்காரரான பாலின்யோவின் கதையைத்தான் சொல்வேன். இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப்பில் இடம் கிடைக்காமல் ஓய்ந்துபோய் 2015இல் குவாங்சோ போனார். அவர் கதை முடிந்தது என்றார்கள். அங்கே பயிற்சியாளர் ஸ்கொலாரியின் கீழ் ஆடி லீக் பட்டம், ஆசிய சாம்பியன்ஸ் லீக் இரண்டையும் அந்த ஆண்டே வென்றார். பிரேசில் பயிற்சியாளராக டிட்டே வந்ததும் அவரைத் தேசிய அணிக்குத் திரும்பக் கூப்பிட்டார். 2017 மார்ச்சில் மான்டெவிடியோவில் உருகுவேக்கு எதிராக 4-1 வெற்றி, அதில் மூன்று கோல் பாலின்யோவுடையது. அப்போதும் அவர் சீன லீக் ஆட்டக்காரர்தான்! அந்த ஆகஸ்டில் பார்சிலோனா 4 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. சீனாவிலிருந்து ஆளா என்று பார்சிலோனா ரசிகர்களே கேலி செய்தார்கள். ஒரே சீசன் ஆடினார், ஸ்பெயின் லீக் பட்டத்தோடு போனார். 2018 உலகக் கோப்பையில் பிரேசிலுக்காக கோலும் போட்டார்.

பீஜிங்கில் ஆடிக்கொண்டே அதே உலகக் கோப்பைக்கு வந்து பெல்ஜியத்துக்கு எதிராக கோல் போட்டவர் பிரேசிலின் ரெனாட்டோ அகஸ்டோ. அந்த பெல்ஜியம் அணியில் இருந்த விட்செலும் கராஸ்கோவும்கூட அப்போது சீன கிளப்புகளில்தான் இருந்தார்கள். விட்செல் யுவென்டஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டு தியான்ஜின் போனவர். உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் வாங்கிய கையோடு ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பில் சேர்ந்தார். கராஸ்கோ அட்லெடிகோவுக்கே திரும்பி 2021இல் ஸ்பெயின் பட்டம் வென்றார்.

இதற்கு நேர் எதிர், அர்ஜென்டினாவின் கார்லோஸ் தேவெஸ். 2016 டிசம்பரில் போகா ஜூனியர்ஸிலிருந்து ஷாங்காய் ஷென்ஹுவாவுக்குப் போனார். உலகிலேயே அதிகச் சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரர் அவர்தான் என்று அப்போது பேசப்பட்டது. லீகில் 16 ஆட்டம், 4 கோல். உடல் தகுதியே இல்லை, ஆட வைக்க முடியாது என்று அவருடைய பயிற்சியாளர் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு வருடத்தில் ஊர் திரும்பிய தேவெஸ், அங்கே இருந்த ஏழு மாதமும் தனக்கு விடுமுறை மாதிரிதான் இருந்தது என்று தொலைக்காட்சியில் சொன்னார். இவரும் ஏழ்மையில் வளர்ந்தவர்தான். பியூனஸ் ஐரஸின் ஃபுவெர்தே அபாச்சே குடியிருப்பில் பட்ட கஷ்டம் ஆஸ்கார் பட்டதற்குக் குறைந்ததில்லை. ஆனாலும் இவருக்காக என்னால் வாதாட முடியவில்லை. மைதானத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த ஷாங்காய் ரசிகர்களும் ரசிகர்கள்தானே? உங்களுக்கு செல்சி எப்படியோ அப்படித்தான் அவர்களுக்கு ஷென்ஹுவா.

பணம் எங்கே கிடைக்கிறதோ அங்கே போவதில் தப்பில்லை. வாங்கிய பணத்துக்கு ஆடாமல் இருப்பதுதான் தப்பு. என் கருத்து இவ்வளவுதான், இதில் நான் உறுதியாக இருக்கிறேன். இந்தக் கணக்கில் ஆஸ்கார் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். இரண்டு வருடம் இருந்து பணத்தை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. எட்டு சீசன் ஒரே கிளப். கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுப்பதில் அந்த லீகின் முன்னணியில் இருந்தார். ஏழு வருடம் தொடர்ந்து பட்டம் வாங்கிக்கொண்டிருந்த குவாங்சோவை 2018இல் நிறுத்தியது அவர் ஆடிய அணி. 2023, 2024இலும் பட்டம். கொரோனா காலத்தில் மற்ற வெளிநாட்டு நட்சத்திரங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பியபோதும் இவர் அந்த கிளப்பின் ஆட்டக்காரராகவே இருந்தார். 33 வயதில்தான் சாவ் பாலோவுக்குத் திரும்பினார், அதாவது எந்த கிளப் மீது வழக்குப் போட்டாரோ அதே கிளப்புக்கு.

அவர் இழந்ததும் நிறைய. அதை மறைக்க வேண்டாம். சீனா போன பிறகு பிரேசில் சட்டை போட்டு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2014இல் ஜெர்மனியிடம் 7-1 என்று தோற்ற அந்தக் கொடுமையான இரவில் பிரேசிலுக்குக் கிடைத்த ஒரே கோல் 22 வயது ஆஸ்காருடையது. அதற்குப் பிறகு உலகக் கோப்பை அவருக்கு இல்லை. சீனா போன பிறகு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இரவுகளும் இல்லை. பாலின்யோவுக்குத் திறந்த கதவு இவருக்குத் திறக்கவில்லை. இன்னொரு ஐரோப்பிய கிளப்புக்குப் போயிருந்தால் எப்படி ஆடியிருப்பார் என்ற ஏக்கம் எனக்கும் உண்டு. அந்த ஏக்கம் நம்முடையது. குடும்பமும் உடம்பும் அவருடையவை, தீர்மானமும் அவருடையதாகத்தான் இருக்க முடியும்.

மாணவர்களுக்கு எச்சரிக்கை சொல்ல வேண்டுமென்றால் ஒன்று சொல்லுங்கள்: கொடுக்கிறவர் யார் என்று பார்க்கச் சொல்லுங்கள். சீன அரசு 2015இல் பெரிய கால்பந்துச் சீர்திருத்தத் திட்டம் போட்டது. ரியல் எஸ்டேட், சில்லறை வணிக கம்பெனிகள் கிளப்புகளுக்குள் பணத்தைக் கொட்டின. 2017இலேயே காற்று மாறிவிட்டது. 4.5 கோடி யுவானுக்கு மேல் கொடுத்து வெளிநாட்டவரை வாங்கினால் அதே அளவு தொகையை இளைஞர் பயிற்சி நிதிக்கும் கட்ட வேண்டும் என்றார்கள். பிறகு வெளிநாட்டவர் சம்பளத்துக்கு வருடம் 30 லட்சம் யூரோ என்று வரம்பும் வந்தது. ஜியாங்சு சூனிங் கிளப் 2020 நவம்பரில் சீன லீக் சாம்பியன். 2021 பிப்ரவரியில் கிளப்பே நின்றுபோனது, மூன்றே மாதத்தில்! விட்செல் ஆடிய தியான்ஜின் கிளப், அதை நடத்திய கம்பெனியின் நிறுவனர் கைதான பிறகு பெயர் மாறி 2020இல் கலைந்தது. எட்டு முறை லீக் பட்டம் வென்ற குவாங்சோவும், அதை நடத்திய ரியல் எஸ்டேட் கம்பெனி எவர்கிராண்டேயின் கடனில் மூழ்கி 2025 ஜனவரியில் இல்லாமல் போனது. இதில் அதிகம் அடிபட்டவர்கள் பிரேசில்காரர்கள் இல்லை. பெயர் தெரியாத சீன ஆட்டக்காரர்களும் சிறுவர் அணிப் பயிற்சியாளர்களும் மைதான ஊழியர்களும்தான். அவர்களை நினைத்தால்தான் எனக்கு உண்மையில் கோபம் வருகிறது.

இப்போது உங்கள் பையன்.

'அன்னைக்கே ஃபிளைட் ஏறிடுவேன்' என்று அவன் சொன்னது உங்கள் காதில் பேராசையாக விழுந்தது. எனக்கு அப்படிக் கேட்கவில்லை. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுவதைப் பார்த்து வளர்கிற பிள்ளை, தன் காலில் இருக்கிற திறமையால் வீட்டுக்கு ஏதாவது ஆகுமா என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். அதைத் தைரியமாக உங்களிடம் சொல்லவும் செய்தான். அதற்கு நீங்கள் கொடுத்த பதில் 'உன்னை மாதிரி ஆளுக்கெல்லாம்' என்பது. அந்த மூன்று வார்த்தையில் அவன் வீடு, அவன் அப்பா எல்லாம் வந்துவிட்டன. நீங்கள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கு அது தெரியாது.

அவனே வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாளை மாலையே அவன் வீட்டுக்குப் போங்கள். அவன் அப்பா இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம், "நான் பேசியது தப்புப்பா, அணிக்கு நீ வேணும்" என்று சொன்னால் போதும். மற்ற மாணவர்கள் முன்னால் திட்டினீர்கள், ஆகவே அவன் திரும்ப வந்த அன்று அவர்கள் முன்னாலும் இதைச் சொல்லிவிடுங்கள். அதனால் உங்கள் மரியாதை குறையாது.

உங்கள் கருத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆஸ்கார் போகாமல் இருந்திருக்கலாம் என்று நீங்கள் இன்னமும் நினைத்தால் அதையும் சொல்லுங்கள். ஆனால் இந்த முறை முழுக் கதையையும் சொல்லுங்கள்: யுவென்டஸ் கோல், கான்டேயின் பெஞ்ச், ஷாங்காயின் 2018 பட்டம், பாலின்யோ, தேவெஸ், மூன்று மாதத்தில் காணாமல் போன சாம்பியன் அணி. சொல்லி முடித்ததும் நீங்களாகத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், ஏன் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். அவனையும் கேளுங்கள். அவன் மறுபடி ஃபிளைட் ஏறுவேன் என்றே சொன்னால், "போ, ஆனா போற இடத்துல ஒழுங்கா ஆடு" என்று சொல்லிவிட்டு பந்தை எடுத்துப் போடுங்கள்.