கல்யாணப் பட்டில் மகளுக்கு ஒரு டாப்

கேள்வி: என் கல்யாணப் பட்டு இருபது வருஷமாகப் பெட்டியில் கிடக்கிறது. ஓணத்துக்குப் போட அதில் ஒரு டாப் தைத்துத் தரும்படி கல்லூரிக்குப் போகும் மகள் கேட்கிறாள். பருத்தியில் சுரிதார் டாப் தைத்த பழக்கம் எனக்கு உண்டு. ஒரு பட்டுத் துண்டில் தைத்துப் பார்த்தேன். தையல் சுருங்கியது, வெட்டிய ஓரம் இழை இழையாகப் பிரிந்தது. நானே தைக்கலாமா, டெய்லரிடம் கொடுக்கவா?
– மார்த்தாண்டம் வாசகி

பதில்: நீங்களே தைக்கலாம். ஆனால் கத்தரிக்கோலை எடுக்கும் முன் புடவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்புக் கோட்டில்தான் முதலில் விடும். அங்கே இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்து, நெடுக்கிலும் குறுக்கிலும் மெல்ல இழுங்கள். இழை விலகினால் அந்த இடத்தைத் தவிர்த்து வெட்டுங்கள். பல இடத்தில் விலகினால் புடவை புடவையாகவே இருக்கட்டும். ஃபால்ஸ் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். பட்டில் அந்தத் துளை மூடாது. அதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது அளவு. பட்டுக்கு இறுக்கம் ஆகாது. நான் தைக்கப் பழகிய புதிதில், பருத்திக்கு வைக்கும் அளவையே பட்டுக்கும் வைத்து எனக்கொரு டாப் தைத்தேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் வாளியைத் தூக்கியபோது முதுகுப் பக்கம் தையலை ஒட்டி இழை விலகி, சல்லடை மாதிரி ஆகிவிட்டது. தையல் நூல் அறுந்துபோகவில்லை, துணிதான் போயிற்று. அன்று முழுக்கத் தோளில் துண்டோடு நடந்தேன். அதனால் மார்புச் சுற்றளவோடு 4 அங்குலம் கூட்டுங்கள். கையைத் தனியாக வெட்டி இணைக்காமல், உடம்போடு சேர்ந்த குட்டைக் கையாக வையுங்கள். தையல் குறைந்தால் தொல்லையும் குறையும்.

மகளுக்கு மார்பு 34 என்றால் டாப் 38. துணியை நான்காக மடித்தால் ஒரு பங்கு 9½, தையலுக்கு அரை சேர்த்து 10 அங்குலம். கை நுனி, நடுமடிப்பிலிருந்து 14. தோளிலிருந்து 9 அங்குலம் கீழே அக்குளை நல்ல வளைவாக எடுங்கள். கூர்மையாக வெட்டினால் அங்கேதான் கிழியும். நீளம் 26, அடிமடிப்புக்கு ஒன்றரை. கழுத்து, நடுமடிப்பிலிருந்து மூன்றரை அகலம், முன்னால் 6 இறக்கம், பின்னால் 2. தலை தாராளமாக நுழையும். இடுப்பு அகலமென்றால் இரு பக்கமும் 5 அங்குலம் ஸ்லிட் விடுங்கள்.

இதற்கு ஒன்றரை மீட்டர் போதும். முந்தியைத் தொடாமல் உள்முனையிலிருந்து எடுங்கள். ஒரு விஷயம்: தோளில் தையல் இல்லாமல் மடித்து வெட்டினால் மாங்காய் புட்டா நேராக நிற்காது. புட்டாவுக்குத் தலை கால் உண்டென்றால், அல்லது கரை டாப்பின் அடியில் வர ஆசையென்றால், முன்னும் பின்னும் இரண்டு துண்டாகப் புடவையின் அகலவாக்கில் வெட்டித் தோளில் இணையுங்கள். தோளுக்கும் அரை அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்குக் கரை அடியில் வருவதுதான் பிடிக்கும்.

வெட்டும்போது கீழே பருத்திப் போர்வை விரித்தால் பட்டு வழுக்காது. ஃபேனை நிறுத்திவிடுங்கள். மெழுகுச் சாக் வேண்டாம். இஸ்திரி பட்டதும் எண்ணெய்க் கறை மாதிரி இறங்கிவிடும். குண்டூசியை வெட்டு ஓரத்து அரை அங்குலத்துக்குள்ளேயே குத்துங்கள். நம்ம மாவட்டத்தின் கடல்காற்றும் மழை ஈரமும் ஊசியைச் சீக்கிரம் துருவேற்றிவிடும். துரு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பட்டு இழையை இழுக்கும். புது 11-ஆம் நம்பர் ஊசி போடுங்கள், மெல்லிய பட்டென்றால் 9.

லைனிங்குக்கு மல் துணி நல்லது, வியர்வையும் நேராகப் பட்டில் ஏறாது. தண்ணீரில் நனைத்து உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். பட்டின் உள்பக்கம் வைத்து ஓரத்தைச் சுற்றிக் கையால் ஓட்டுத் தையல் போட்டால் இரண்டும் ஒரே துணி போல நிற்கும்.

உங்கள் தையல் சுருங்கியதற்கு பெரும்பாலும் நூல் இறுக்கம்தான் காரணம். மேல்நூலைக் கொஞ்சம் தளர்த்தி, ஓர் அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் வருமாறு வைத்து, மீந்த துண்டில் முதலில் ஓட்டிப் பாருங்கள். துணியை முன்னும் பின்னும் லேசாகப் பிடித்துக் கொடுங்கள், இழுக்க வேண்டாம். தொடக்கத்தில் ரிவர்ஸ் அடித்தால் துணி மெஷின் பல்லுக்குள் போய்விடும். நூல் முனைகளைக் கையால் முடிச்சிடுங்கள்.

ஓரம் பிரியாமலிருக்க பிரெஞ்சு தையல். நல்ல பக்கம் வெளியே தெரிய வைத்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல். அதைப் பாதியாக வெட்டிக் குறைத்து, உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, மறுபடி கால் அங்குலத்தில் இன்னொன்று. வெட்டிய ஓரம் உள்ளே அடங்கிவிடும். அக்குள் வளைவில், புரட்டும் முன் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுங்கள், தையலைத் தொடாமல். கழுத்துக்கு ஒன்றேகால் அங்குலக் கிராஸ் பீஸ், அதாவது சாய்வாக வெட்டிய பட்டை. அடிமடிப்பைக் கையால் ஹெம்மிங் பண்ணுங்கள். மெஷின் தையல் அங்கே துருத்தித் தெரியும்.

இஸ்திரி எப்போதும் உள்பக்கம், மேலே பழைய வேட்டித் துண்டு போட்டு. தண்ணீர் தெளிக்காதீர்கள், சொட்டு விழுந்த இடம் வட்டமாகத் தங்கிவிடும்.