சுறாக்குட்டி பொறக்கும்போதே பல்லோட பொறக்குமா? அந்தப் பல்லு உள்ள எப்படி உருவாகுது?

ஆமா, பல்லோடதான் பொறக்கும், அதுவும் ஒரு வரிசை மட்டும் இல்ல, பின்னாடி அடுத்தடுத்த வரிசையும் ரெடியா இருக்கும். பொறந்தப்புறம் அம்மா திரும்பிக்கூடப் பாக்காது, குட்டி தானா வேட்டையாடித்தான் பொழைக்கணும்.

கரு சின்னதா இருக்கும்போதே தாடையோட உள்பக்கம் மேல்தோல் ஒரு பட்டையா உள்ள இறங்கும், டென்டல் லாமினான்னு பேரு, அதுலதான் பல்மொட்டு உண்டாகும், முதல்ல நுனி கெட்டியாகும் அப்புறம் அடிப்பக்கம், அப்படியே கன்வேயர் பெல்ட் மாதிரி உள்ளருந்து வெளிய நகர்ந்து வரும். நமக்கும் தொடக்கம் இதேதான், மனுஷக் கருவுல 6வது வாரத்துலயே இந்தப் பட்டை வந்துடும், ஆனா ரெண்டு செட் பல்லுக்கு வேண்டியதைக் குடுத்துட்டு அழிஞ்சு போயிடும். சுறாவுக்கு அது அழியவே அழியாது, ஆயுசு முழுக்க ஸ்டெம் செல்லோட (புது செல்லை உண்டாக்கிக்கிட்டே இருக்கிற மூல செல்) இருக்கும். எல்லாரும் சுறாவோட பல்லு எண்ணிக்கையைப் பத்தியே பேசுறாங்க, எனக்கு இந்தப் பட்டைதான் பெரிய அதிசயமாத் தெரியுது. 2016ல கேட்ஷார்க்ங்கிற சின்ன சுறாவோட கருவை வச்சு வந்த ஒரு ஆராய்ச்சில பல்லை உருவாக்குற ஜீன்கள் நம்மகிட்ட இருக்கிற அதே ஜீன்கள்தான்னு காட்டினாங்க.

இதுல இன்னொண்ணு, சில இனத்துல பல்லு விழுறதும் அம்மா வயித்துக்குள்ளயே தொடங்கிடுது. பெரிய வெள்ளைச் சுறாவோட பொறக்காத குட்டி வயித்துல அது விழுங்கின அதோட சொந்தப் பல்லே கிடைச்சிருக்கு.

சாண்ட் டைகர் சுறா இன்னும் ஒரு படி மேல. அம்மாவுக்கு ரெண்டு கருப்பை, ஒவ்வொண்ணுலயும் முதல்ல வளர்ற குட்டி கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் ஆனதும் கூடப்பொறக்க வேண்டியதுங்களைக் கடிச்சுத் தின்ன ஆரம்பிச்சிடும், அப்புறம் பொரியாத முட்டையையும் விடாது, கடைசியில ரெண்டே ரெண்டுதான் வெளிய வரும், ஆனா ஒவ்வொண்ணும் ஒரு மீட்டர் நீளம். ஸ்டூவர்ட் ஸ்பிரிங்கர்ங்கிற விஞ்ஞானி சினையா இருந்த ஒரு சுறாவோட கருப்பைக்குள்ள கையை விட்டப்போ உள்ள இருந்த குட்டி கடிச்சிடுச்சு, அந்தக் குட்டிங்க உள்ளயே முட்டை தின்னு வளருதுன்னு 1948ல எழுதினதும் அவர்தான்.

அப்போ அம்மாவுக்குக் காயம் ஆகாதான்னு அடுத்து கேப்பீங்க. இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் வேளா மீன், பாக்க சுறா மாதிரி இருந்தாலும் திருக்கை இனம். அதோட ரம்பமூக்குல இருக்கிற பல்லு எல்லாம் பொறக்கும்போது ஒரு ஜவ்வு உறைக்குள்ள மூடியிருக்கும், மூக்கும் வளையுற மாதிரி மெத்துன்னு இருக்கும், அதனால அம்மாவுக்குக் காயம் ஆகாது, வெளிய வந்து கொஞ்ச நாள்ல உறை கழண்டுடும்.