கேள்வி – பதில்: நெட், டிவி, போன் ஒரே இணைப்பில்

காற்றும் மழையும் வந்தால் எங்கள் வீட்டில் நெட், டிவி, லேண்ட்லைன் மூன்றும் ஒன்றாக நின்றுவிடுகின்றன. போன் செய்தால் "மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்கிறார்கள். அதனால் பயன் உண்டா?
– வாசகர், தேனி

ஒருமுறை அணைத்துப் போடலாம். அதற்கு முன்னால் மோடத்தின் முகப்பு விளக்குகளைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஃபைபரில், அதாவது சிக்னலை வெளிச்சமாகக் கொண்டுவரும் கண்ணாடி இழை ஒயரில், வெளிச்சமே வரவில்லை. அப்போது எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. அந்த விளக்கு அணைந்திருந்து, பி.ஓ.என். விளக்கு மட்டும் நிற்காமல் மினுக்கினால், வெளிச்சம் வருகிறது, ஆனால் எதிர்முனையில் நிறுவனத்தின் கருவியில் உங்கள் மோடம் பதிவாகவில்லை. பி.ஓ.என். சீராக எரிந்தும் நெட் இல்லை என்றால், ரீசார்ஜ் முடிந்திருக்கலாம், அல்லது கோளாறு அவர்கள் பக்கத்தில் இருக்கலாம். புகார் சொல்லும்போது "நெட் வரலை" என்பதோடு நிறுத்தாமல் "எல்.ஓ.எஸ். சிவப்பு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். லைன் பார்க்கும் ஆளை அனுப்பச் சொல்லி நீங்கள் வற்புறுத்த அதுவே காரணம்.

வீட்டுக்குள் நீங்களே பார்க்கக்கூடியது மோடத்தின் பின்னால் வரும் மெல்லிய ஒயர். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறதா, ஆணியில் மடித்துக் கட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடிந்தால் உடையாமலேயே வெளிச்சம் கசிந்துவிடும். பச்சை நிற முனை 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். அதைக் கழற்றினால் நுனியை விரலால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப்பசையே சிக்னலைக் குறைக்கும். கண்ணருகே வைத்தும் பார்க்காதீர்கள். வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

மழையில் மட்டும் நிற்பதற்குப் பெரும்பாலும் கம்பத்தில் போட்ட ஜாயின்ட்தான் காரணம். ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர் போகிறது, காற்றில் ஒயர் ஆடி ஜாயின்ட் இளகுகிறது. ஆள் வந்ததும் பவர் மீட்டரில் எத்தனை டிபிஎம் (வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு) என்று காட்டச் சொல்லுங்கள். சில மோடங்களில், பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் வரும் பக்கத்திலும் இந்த அளவு தெரியும். வீட்டு ஃபைபரில் பொதுவாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை மோடம் வேலை செய்யும். மைனஸ் 18 முதல் 23 வரை இருந்தால் நிம்மதி. அளவு மூன்று குறைந்தால், அதாவது மைனஸ் 20 மைனஸ் 23 ஆனால், வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று பொருள். மைனஸ் 26-ல் ஓட்டிக்கொண்டிருக்கும் இணைப்பு வெயில் காலத்தில் ஓடும், மழை வந்தால் விழும். இரண்டு மூன்று இடத்தில் ஒட்டுப்போட்ட ஒயராக இருந்தால் முழு ஒயரையும் மாற்றித் தரக் கேளுங்கள். அது முடியாவிட்டால் மெஷின் வைத்து உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைஸ் போடச் சொல்லுங்கள். கையால் செருகும் ஜாயின்ட் அடுத்த மழைக்குத் தாங்காமல் போகலாம்.

இன்னொன்று: மோடத்தின் பின்னால் ஊசித்துளையில் இருக்கும் ரீசெட் பட்டனை அமுக்கவே அமுக்காதீர்கள். யூசர் நேம், பாஸ்வேர்ட், லேண்ட்லைனுக்கான அமைப்பு எல்லாம் அழிந்துவிடலாம். பிறகு ஒயரைச் சரிசெய்தாலும் போன் வேலை செய்யாது.

200 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்திருக்கிறோம். மாடியில் 30-ஐத் தாண்டவில்லை. ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, சேலம்

முதலில் லேப்டாப்பை லேன் ஒயரில் மோடத்தோடு நேராக இணைத்து வேகம் பாருங்கள். 190-க்கு மேல் வந்தால் நிறுவனம் தருகிறது, வைஃபைதான் இழக்கிறது. 94-ஐ ஒட்டியே நின்றால் லேன் ஒயரையோ போர்ட்டையோ சந்தேகியுங்கள். 100 எம்பிபிஎஸ் போர்ட்டிலும், நான்கு கம்பி மட்டும் இணைத்த ஒயரிலும் அதற்குமேல் போகாது.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஒரு கான்கிரீட் தளத்தைத் தாண்டவே திணறும். மாடிக்கு ஒரு லேன் ஒயர் இழுத்து, அங்கே இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில் (ஒயரில் வரும் நெட்டை வைஃபையாகத் தர மட்டும்) வையுங்கள். பிளக்கில் செருகும் ரிப்பீட்டர்கள் பல, வாங்கிய வேகத்தில் பாதியைத்தான் திருப்பித் தரும். செட்டாப் பாக்ஸையும் முடிந்தவரை லேன் ஒயரிலேயே இணையுங்கள், படம் நின்று நின்று வருவது குறையும்.

லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலுக்கும் போன் போகவில்லை.
– வாசகர், கும்பகோணம்

மொபைல் எண்ணுக்கு முன்னால் 0 போடுங்கள். 2021 ஜனவரி 15 முதல் இந்தியா முழுவதும் அதுதான் முறை.

கரண்ட் போனால் லேண்ட்லைனும் போய்விடுகிறது. பழைய போனில் இப்படி இல்லையே? வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

பழைய செம்புக் கம்பியில் எக்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. மோடம் அணைந்தால் போனும் அணையும். ரூட்டருக்கான மினி யுபிஎஸ் வாங்குங்கள். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் யுபிஎஸ் தரும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், பெரும்பாலும் 12 வோல்ட். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

விளம்பரத்தில் "8000 எம்ஏஎச்" என்று இருந்தால் அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரியின் கணக்கு. பெருக்கினால் சுமார் 30 வாட்-ஹவர், இழப்பு போகக் கையில் 25. மோடம் 10 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரம். கார்ட்லெஸ் போன் வைத்திருந்தால் அதன் அடித்தட்டுக்கும் கரண்ட் வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பெரியவர்கள் கையில் ஒயர் போட்ட சாதாரண போனைக் கொடுங்கள். அதற்குத் தனி மின்சாரம் தேவையில்லை. அவசரத்துக்கு சார்ஜ் போட்ட ஒரு மொபைலும் பக்கத்தில் இருக்கட்டும்.

நெட், டிவி, லேண்ட்லைன், மொபைல் எல்லாம் ஒரே பில். சேவை சரியில்லை, விலக நினைக்கிறோம். டெபாசிட் திரும்பக் கிடைக்குமா? எண்களைக் காப்பாற்ற முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

மொபைலை முதலில் பிரியுங்கள். போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கும்வரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. ஒரே பில் என்பதால் நெட் தகராறுக்காகப் பணத்தை நிறுத்தி வைத்தால் மொபைல் எண்ணும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். பில்லைக் கட்டிவிட்டு, 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறுவதற்கான போர்ட்டிங் குறியீடு வாங்குங்கள். லேண்ட்லைன் எண்ணுக்கு இந்த வசதி இந்தியாவில் இல்லை, அது போய்விடும். வங்கியிலும் கேஸ் ஏஜென்சியிலும் அந்த எண் இருந்தால் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

இணைப்பை நிறுத்தச் சொல்வது வாயால் வேண்டாம். இமெயிலிலோ ஆப்பிலோ கேட்டு, கோரிக்கை எண் வாங்குங்கள். மோடம், அடாப்டர், செட்டாப் பாக்ஸ், ரிமோட் என ஒவ்வொன்றையும் சீரியல் நம்பர் தெரியப் போட்டோ எடுத்துவிட்டு, சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்கிய பிறகே கொடுங்கள். வந்த ஆள் "ஆபீசில் என்ட்ரி போட்டுவிடுகிறேன்" என்று எடுத்துப் போவதில்தான் பின்னால் கருவிக்குப் பணம் கேட்கும் வம்பு தொடங்குகிறது.

தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் 2024 விதிகளின்படி, இணைப்பை மூடியபின் டெபாசிட்டை 45 நாளுக்குள் தர வேண்டும். கோளாறு மூன்று நாளைத் தாண்டினால் வாடகையில் கழிவும் உண்டு. கேட்காமல் தருவது அரிது, புகார் எண்ணும் தேதியும் சொல்லிக் கேளுங்கள். புகாரில் தீர்வு இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையத்திலும் கட்டணம் இல்லை.

யுபிஐ-யிலோ கார்டிலோ ஆட்டோபே போட்டிருந்தால், கடைசி பில் கட்டிய அன்றே அதை ரத்து செய்யுங்கள்.