ராபர்ட்ஸ் புக்கும் போலோ குதிரையும் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நான் நாமக்கல் வெட்னரி காலேஜ்ல ஃபைனல் இயர். கைனிக்ல (கால்நடைப் பிரசவம், இனப்பெருக்கப் பாடம்) நாங்க படிக்கிற ராபர்ட்ஸ் புக்க எழுதுனவரு போலோ (குதிரை மேல ஏறி கட்டையால பந்தடிக்கிற ஆட்டம்) கோச்சும் கூடன்னு சீனியர் ஒருத்தர் சொன்னாரு, நம்பவே முடியல. மாட்டுக்கு பிரசவம் பாக்குற ப்ரொஃபசருக்கு பணக்காரங்க வெளையாட்டுல என்ன சார் வேலை? அவ்ளோ தடி புக்கும் எழுதிக்கிட்டு இதுக்கெல்லாம் எங்கேருந்து நேரம்?

– வாசகர், நாமக்கல்

அன்புள்ள தம்பி,

உங்க சீனியர் சொன்னது நெசம்தான். ஸ்டீபன் ஜே. ராபர்ட்ஸ், நியூயார்க் மாகாணத்துல இத்தாக்கான்னு ஒரு ஊரு, அங்க இருக்குற கார்னெல் யுனிவர்சிட்டியோட வெட்னரி காலேஜ்ல ப்ரொஃபசர். அதே யுனிவர்சிட்டி போலோ டீமுக்கு ரொம்ப வருஷம் கோச்சாவும் இருந்தாரு. 1950, 60கள்ல அந்த டீம் அமெரிக்க காலேஜ் சாம்பியன்ஷிப்ப பல தடவ தூக்கிட்டு வந்துச்சு.

பணக்காரங்க வெளையாட்டுன்னு சொன்னீங்க பாருங்க, அது கிளப் போலோவுக்கு சரி. காலேஜ் போலோ கதையே வேற. ரெண்டாம் உலகப்போருக்கு முன்னாடி அமெரிக்க காலேஜ்கள்ல போலோ ஓடுனதுக்கு பெரிய காரணம் ராணுவம்தான், பீரங்கி ட்ரெய்னிங்குக்கு காலேஜ்ல கட்டி வச்சிருந்த குதிரைங்க மேலயே பசங்க ஏறி ஆடுனாங்க. ராணுவம் லாரிக்கும் டேங்க்குக்கும் மாறுனதும் குதிரையும் போச்சு, பல காலேஜ்ல போலோவும் அதோட போச்சு. போலோ தப்பிச்சு நின்ன எடங்கள்ல யாராவது தானமா குடுத்த குதிரைங்கதான், அதுல வயசானது, கால் சரியில்லாததுன்னு எல்லாம் கலந்து வரும், லாயத்துல சாணி அள்ளுறதும் ஆடுற பசங்களேதான்.

அப்புறம் இவங்க ஆடுறது பெரும்பாலும் அரீனா போலோ. சைடுக்கு 3 பேர், 300 அடிக்கு 150 அடி சுவர் கட்டுன மைதானம், ஏழரை நிமிஷ சக்கர் (ஆட்டத்தோட ஒரு சுத்து) 4. இதுல ஒரு அருமையான ஏற்பாடு இருக்கு, யார் ஊர்ல மேட்ச்சோ அவங்கதான் ரெண்டு டீமுக்கும் குதிரை குடுக்கணும், ஒரு சக்கர்ல நீங்க ஓட்டுன குதிரை அப்புறம் வேற சக்கர்ல எதிர் டீம் பையன்கிட்ட போயிடும். நல்ல குதிரை வச்சிருக்கோம்னு அலட்டவே முடியாது. அப்போ கோச்சுக்கு என்ன வேலை? எந்தக் குதிரைக்கு எந்தக் குதிரை சமம்னு பிரிக்கணும், முன்னங்கால் டெண்டன தடவிப் பாத்து சூடு இருக்கா வீக்கம் இருக்கான்னு சொல்லணும், சட்டுனு நிறுத்தி சட்டுனு திருப்புற ஆட்டம்ங்கறதால லோடெல்லாம் அந்தக் கால்லதான் எறங்கும், இன்னைக்கு ஆடலாமா ரெஸ்ட்டா முடிவு பண்ணணும். இதுல பாதிக்கு மேல வெட்னரி டாக்டர் வேலைதான தம்பி? அதனால ப்ரொஃபசர் ஒருத்தர் ஹாபிக்கு போலோ பக்கம் போனாருன்னு எனக்குத் தோணவே இல்ல.

(சின்ன விஷயம் ஒண்ணு, போலோவுல இடது கைக்காரனும் வலது கையாலதான் மேலட் (பந்தடிக்கிற நீளக் கட்டை) புடிச்சாகணும், இல்லேன்னா ரெண்டு குதிரை நேருக்கு நேர் மோதிரும். பசு வயித்துக்குள்ள எந்தக் கைய வேணா வுடலாம், அந்த வரைக்கும் நம்ம தொழில் தாராளம்.)

நேரம் எப்படி கெடச்சுதுன்னு கேட்டீங்க. புக்கோட மொத எடிசன் 1956, ரெண்டாவது 1971, மூணாவது 1986. சாம்பியன்ஷிப் வந்த வருஷங்களையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணாவே ஓடியிருக்குன்னு தெரியும். ரெண்டாவது எடிசன இத்தாக்காவுலேருந்து அவரே சொந்தமா போட்டாரு, மூணாவதும் சொந்தப் பதிப்புதான், ஆனா அது வெர்மாண்ட்ல உட்ஸ்டாக்குங்கற ஊர்லேருந்து. பிரசவத்துல கன்னு மாட்டுனா எப்படித் திருப்பணும்னு சொல்லிக்குடுத்தவரு பப்ளிஷர் பின்னாடி அலையல, அந்த வேலையையும் தானே பாத்துட்டாரு! நம்ம பசங்க கையில பொரளுறது பெரும்பாலும் ரெண்டாவது எடிசனோட டெல்லி ரீப்ரிண்ட்.

குதிரைப் பிரசவத்துக்கு வருவோம். பசுவுல பனிக்குடம் ஒடஞ்சப்புறம் நமக்கு மணிக்கணக்குல டைம் இருக்கு. குதிரைக்கு இருபது முப்பது நிமிஷம்தான், அதுக்கு மேல போனா நஞ்சுக்கொடி பிரிஞ்சு குட்டி மூச்சுக்குத் திணறும், அங்க நின்னு யோசிக்கிற டாக்டரால பிரயோஜனம் இல்ல. புக்குல அந்தப் பகுதிய எக்ஸாமுக்காக இல்லாம ஒரு தடவ நிதானமா படிங்க. ஃபீட்டாடமி (வயித்துலயே செத்த கன்ன வெட்டி எடுக்குறது) மட்டும் படம் வரைஞ்சு பழகிட்டுப் போங்க, வைவாவுல எக்ஸ்டர்னல் அதத்தான் கேப்பாங்க.

அன்புடன்.