மாமரத்தடியில் கிளைவியா

"டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டின் மேற்குச் சுவரோரம் கிளைவியா பூச்செடி வைத்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். இலைகள் வெளுத்துக் காய்கின்றன, பூக்கவே இல்லை. பின்புறத்து மாமரத்தடிக்கு மாற்றலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

தாராளமாக மாற்றுங்கள். கிளைவியா தென்னாப்பிரிக்காவில் நமது குவாசுலு-நேட்டால் மாகாணக் காடுகளில் தானாக வளர்வது. பெரிய மரங்களின் கீழே, மக்கிய இலைகளில் வேர்விட்டுப் பல ஆண்டுகள் வாழும். பிற்பகல் வெயில் விழும் மேற்குச் சுவர் அதற்கு ஆகாது. இலை வெளுத்தது நோயல்ல, வெயில் சுட்ட காயம். அந்த இலைகள் இனிப் பச்சையாகா. நடுக்குருத்திலிருந்து நல்ல இலைகள் வரும். மாமர நிழல் மிக அடர்த்தியாக இருந்தால் தாழ்ந்த கிளைகள் சிலவற்றைக் கழித்துவிடுங்கள். இருட்டில் இலை செழிக்கும், பூ குறையும். மரம் இல்லாதவர்கள் வீட்டின் தெற்குப் பக்கத்தில் வைக்கலாம். இங்கே நண்பகல் சூரியன் எப்போதும் வடக்கே நிற்பதால் அங்கேதான் நிழல்.

எனக்கு அதிகக் கவலை தருவது நீங்கள் தினமும் ஊற்றும் தண்ணீர்தான். இதன் வேர்கள் தடித்துச் சதைப்பற்றாக இருப்பதே தண்ணீரைச் சேமித்து வைக்கத்தான். ஈரம் வடியாத மண்ணில் அவை அழுகிவிடும். தோண்டும்போது கொழகொழப்பான வேர்களை வெட்டி எறிந்து, காயம் உலர ஓரிரு நாள் விட்டு நடுங்கள். கோடையில் மழை பெய்துகொண்டிருந்தால் தண்ணீரே வேண்டாம். நமது குளிர்காலமான மே முதல் ஆகஸ்ட் வரை ஏறக்குறைய நிறுத்திவிடுங்கள். குளிரும் வறட்சியும் சேர்ந்த அந்த ஓய்வுக்குப் பிறகுதான் பூந்தண்டு நன்றாக மேலெழும். குருத்துக்குள் பூந்தண்டு தலைகாட்டியதும் மறுபடி ஊற்றத் தொடங்கலாம்.

நடுவதற்கு ஆழக்குழி தேவையில்லை. மாமர வேரையும் வெட்ட வேண்டாம். மரப்பட்டை கலந்த கரடுமுரடான மக்கு உரத்தை மேடாகப் பரப்பி, இலைகள் பிரியும் கழுத்து மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடுங்கள். உதிரும் மாவிலைகளைப் பெருக்காமல் அங்கேயே விடுங்கள். இடம் மாறிய செடி ஓராண்டு பூக்காமல் இருக்கலாம். நெருக்கமாக வளர்வதே அதற்குப் பிடிக்கும் என்பதால் அடிக்கடி பிரித்து நடாதீர்கள்.

கறுப்பு உடலில் மஞ்சள் பட்டைகள் கொண்ட புழு இலைக்குள் குடைந்து கிழங்குவரை போய்விடும். கண்டவுடன் கையால் எடுத்து அழியுங்கள். குடைந்த இலையையும் வெட்டிவிடுங்கள். செடி முழுவதும் நஞ்சு. குழந்தைகளும் நாயும் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் செடிகள் வேண்டுமென்றால் நாற்றுப் பண்ணையிலேயே வாங்குங்கள். நாட்டு மருந்துச் சந்தைக்காகக் காட்டிலிருந்து வேரோடு பிடுங்கியே இந்த இனம் குறைந்துவருகிறது. உங்கள் செடியே பூத்துக் காய்த்தால் இன்னும் நல்லது. பழம் நன்றாகச் சிவந்ததும் சதையைக் கழுவி, விதையை ஈரமான மக்கின் மேல் புதைக்காமல் அழுத்தி வையுங்கள். பூக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகலாம்.